தோண்டிப்போட்ட நிலத்தில் பாதையை விட்டு ஓட்டினால் என்ன?

நீங்கள் வெளிப்படையாகக் கேட்டது இரண்டு: முன்பு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கமாக இருந்து இப்போது இயற்கைக் காப்பகமாகிவிட்ட இடத்தில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கான சைக்கிள்) ஓட்ட எந்த டயர் ஏற்றது, எவ்வளவு காற்று வைக்க வேண்டும்? இவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்றையும் கேட்டிருக்கிறீர்கள். "ஏற்கெனவே இயந்திரம் வைத்துப் புரட்டிய நிலம்தானே, குறியிட்ட பாதையை விட்டு மணல்வெளியில் இறங்கினால் எதைக் கெடுத்துவிடப் போகிறேன்?" உங்கள் மனத்தில் உண்மையில் இருப்பது இந்த மூன்றாவது கேள்வி என்று நினைக்கிறேன். டயரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு இந்த அளவு இடம் தேவைப்படாது.

சுரங்க வேலை முடிந்த நிலங்களில் செடிகொடிகள் எப்படிக் குடியேறுகின்றன என்பதுதான் நான் படித்ததும் வேலை பார்த்ததும். அதே நிலங்களில் பல ஆண்டுகளாகச் சைக்கிளும் ஓட்டி வருகிறேன். மண்சரிவைக் கணக்கிடுவது என் துறை அல்ல. அதைப் பற்றி நான் சொல்பவை, பொறியாளர்களோடு சேர்ந்து வேலை பார்த்ததில் கற்றுக்கொண்டவையும் பொதுவில் பதிவானவையும் மட்டுமே. ஒரு குறிப்பிட்ட சரிவு நிற்குமா நிற்காதா என்று என்னிடம் கேட்டால் அந்த இடத்துக்குப் பொறுப்பானவரைத்தான் கை காட்டுவேன்.

என் பதில் இதுதான்: பாதையை விட்டு இறங்காதீர்கள். புரட்டிப்போட்ட நிலம் என்பதாலேயே அது மற்ற நிலங்களைவிட எளிதில் கெடும், சில இடங்களில் ஆளையும் விழுங்கும். காட்டு மண்ணுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டு வயது. உங்கள் சக்கரத்துக்குக் கீழே வரும் சுரங்க மண்ணின் வயது முப்பதோ நாற்பதோ இருக்கலாம். அது இன்னும் இறுகி முடியவில்லை, அதன் மேல் உயிர்கள் இன்னும் வேரூன்றி முடியவில்லை.

முதலில் ஆபத்து. திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரியை எடுக்க, அதன் மேல் பல பத்து மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கும் மணலையும் களிமண்ணையும் அகற்றி, தோண்டி முடித்த பக்கத்தில் கொட்டிக்கொண்டே போவார்கள். ஆறும் பனிப்பாறையும் படியவைத்த மணல் காலப்போக்கில் நெருங்கி இறுகியிருக்கும். இயந்திரம் உயரத்திலிருந்து கொட்டிய மணல் தளர்வாகக் கிடக்கும். சுரங்கம் நடக்கும்வரை பம்புகள் நிலத்தடி நீரை இறைத்துக் கீழேயே வைத்திருக்கும். சுரங்கம் மூடிப் பம்புகளும் நின்றபின், நீர்மட்டம் பல ஆண்டுகளாக மெல்ல மேலேறித் தளர்ந்த மணலின் இடைவெளிகளை நிரப்பிவிடுகிறது. மரக்காலில் தளர அளந்த நெல்லைத் தட்டினால் மட்டம் இறங்குவது போல, இந்த மணலும் ஓர் அதிர்வில் நெருங்கப் பார்க்கும். ஆனால் இடைவெளியில் இருக்கும் நீர் உடனே வெளியேற முடியாது. மேலிருக்கும் பாரம் முழுவதும் அந்த நீரின் மீது இறங்க, மணல் திடப்பொருள் என்ற நிலையை இழந்து குழம்பாக ஓடத் தொடங்குகிறது. மேலே இருந்து பார்த்தால் காய்ந்த, புல் முளைத்த, சைக்கிள் ஓட்ட ஆசை காட்டும் சமதளமாகத்தான் தெரியும்.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஜெர்மனியின் கிழக்கே லவுசிட்ஸ் பகுதியில் பழுப்பு நிலக்கரி எடுத்த பரந்த நிலங்கள் இருக்கின்றன. 2010 அக்டோபரில் அங்கே ஸ்ப்ரேதால் அருகே கொட்டுமண் பரப்பு ஒன்று இப்படி ஓடியது. அதன் பிறகு, அதுவரை மக்கள் நடமாடிய பல இடங்களும் மூடப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு, 2009 ஜூலை 18 அன்று, ஜெர்மனியின் வேறொரு பகுதியில் நாஹ்டர்ஷ்டெட் என்ற ஊரில் சுரங்கப் பள்ளத்தில் உருவாகிக்கொண்டிருந்த ஏரிக்குள் கரை சரிந்து வீடுகள் இறங்கின. மூன்று பேர் உயிரிழந்தனர். மண்ணுக்கு அடியில் அடைபட்டிருந்த நிலத்தடி நீரின் அழுத்தமே அதற்கு முக்கியக் காரணம் என்று பின்னர் வந்த ஆய்வு சொன்னது. ஆகவே இரண்டு நிகழ்வுகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. இரண்டிலும் பொதுவானது, நீர் மேலேறும் காலத்தில் நிலம் அசையலாம் என்பதுதான். இப்படிப்பட்ட மண்ணை ஆழத்தில் அதிரவைத்தும், துளையிட்டு வெடிவைத்தும் இறுக்குகிறார்கள். அதை எல்லா இடத்திலும் செய்து முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். செய்து முடிக்காத இடத்தில்தான் "உயிருக்கு ஆபத்து" என்ற பலகை நிற்கிறது. அந்தப் பலகையை வழக்கமான எச்சரிக்கை என்று நினைத்துக் கடந்துவிட வேண்டாம்.

ஒரு சைக்கிள்காரரின் எடை இப்படி ஒரு சரிவைத் தொடங்கிவைக்குமா? இங்கே உறுதியானதையும் ஐயமானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். தளர்ந்த, நீர் நிறைந்த மணல் சிறு தூண்டுதலிலும் ஓடக்கூடும் என்பது உறுதி. வெளியிலிருந்து எந்தத் தூண்டுதலும் தெரியாமலே ஓடியதும் உண்டு. தட்டையான நிலத்தில் ஒருவர் ஓட்டிப் போவது மட்டும் அதற்குப் போதுமா என்பது ஐயம். போதாது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது நீங்கள் தொடங்கிவைத்த சரிவாக இருக்க வேண்டியதில்லை. அது நிகழும்போது நீங்கள் அங்கே இருந்தாலே முடிந்துவிட்டது. குறிப்பாக ஏரிக்கரையின் விளிம்பையும், சேறு பளபளக்கும் தாழ்ந்த இடங்களையும், தரையில் விளிம்புக்கு இணையாக விரிசல் ஓடும் இடங்களையும் அணுகவே வேண்டாம்.

எல்லாச் சுரங்க நிலமும் ஒன்றல்ல. உலோகத்துக்காக ஆழத்தில் குடைந்த இடங்களில் அச்சம் வேறு: மரப்பலகை போட்டு மூடி மறந்துபோன பழைய குழிகள், மேலே தரை உள்வாங்குதல், கழிவில் தங்கிய ஆர்சனிக்கும் ஈயமும். நிலக்கரிக் கழிவுமேடுகள் சில உள்ளேயே பல ஆண்டுகளாகக் கனன்றுகொண்டிருக்கும். புகை தெரிந்தாலும், குளிர்காலத்தில் ஓரிடத்தில் மட்டும் பனி உருகிக் கிடந்தாலும் விலகிப் போங்கள். ஜெர்மனியின் ரோன்னபுர்க் போன்ற பழைய யுரேனியச் சுரங்கப் பகுதிகளில் கழிவின் மேல் மண்ணைத் தடிமனாகப் போர்த்திப் புல்லும் மரமும் வளர்த்திருக்கிறார்கள். கீழே இருப்பதையும் மழைநீரையும் பிரித்துவைக்கும் மூடி அந்த மண். சரிவில் நேர்கீழாக ஒரு சக்கரத் தடம் விழுந்தால் அடுத்த மழை அதில் ஓடி வாய்க்கால் வெட்டும். பராமரிப்பவர்கள் அஞ்சுவது சைக்கிளின் எடையை அல்ல, அந்த வாய்க்காலைத்தான்.

இனி என் துறைக்கு வருகிறேன். கொட்டிய மணலில் மேல்மண் கிடையாது, தழைச்சத்தும் மணிச்சத்தும் அரிது. வறண்டு, வெயிலில் சுட்டு, சில இடங்களில் அமிலமேறியும் கிடக்கும். பயிர் வளர்க்க நினைப்பவருக்கு இது பாழ்நிலம். ஆனால் உரமும் தழைச்சத்தும் எங்கும் பரவி, எங்கு பார்த்தாலும் அடர்ந்த பச்சையாகிவிட்ட நிலப்பரப்புகளில் இந்த ஏழ்மைதான் கிடைக்காத பொருள். வெறும் மணலில்தான் தனித்து வாழும் தேனீக்களும் குளவிகளும் வளை தோண்டுகின்றன. குழியானை தன் கூம்புப் பள்ளத்தை அமைக்கிறது. ஆறுகளைக் கரைகட்டி ஒழுங்குபடுத்திய பிறகு தங்கள் மணல்திட்டுகளை இழந்த பறவைகளுக்கு இந்தப் பள்ளங்கள் மாற்று வீடாகியிருக்கின்றன. செங்குத்தான மணல் சுவரில் பஞ்சுருட்டானும் தகைவிலானும் பொந்து குடைகின்றன. ஜெர்மனியில் பஞ்சுருட்டான்கள் மிகுதியாகக் கூடு வைப்பது, பழுப்பு நிலக்கரிப் பள்ளங்கள் நிறைந்த சாக்ஸனி-அன்ஹால்ட் மாநிலத்தில்தான்.

பட்டாணி உப்புக்கொத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அது கூடு கட்டுவதில்லை. சரளையில் லேசாகக் குழி பறித்து, சரளைக் கல்லின் நிறத்திலேயே முட்டையிடும். பத்தடி தூரத்தில் நின்று நான் காட்டினாலும் உங்களால் உடனே கண்டுபிடிக்க முடியாது. மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அதைப் பார்த்து விலகுவார் என்று எதிர்பார்க்கவே முடியாது. முட்டை நசுங்காவிட்டாலும், தாய்ப்பறவை எழுந்து ஓடிச் சுற்றித் திரியும் நேரம் முழுவதும் அது வெயிலில் வேகும். குட்டைகளும் அப்படியே. முதுகில் மஞ்சள் கோடு ஓடும் ஒரு வகை ஐரோப்பியத் தேரை, மீன் வாழ முடியாத, சில வாரங்களில் வற்றிவிடும் ஆழமற்ற நீரையே முட்டையிடத் தேடும். பழைய வண்டித் தடத்தில் தேங்கிய நீரும் அதற்குப் போதும். வசந்த காலத்தில் நீங்கள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு கடக்கும் குட்டையில் தலைப்பிரட்டைகள் இருக்கலாம். குறுக்கே போகாமல் இறங்கி ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நெருக்கமான ஒன்று, யாரும் கவனிக்காத மண்ணின் மேற்பொறுக்கு. மரம் வருவதற்கு முன், புல் வருவதற்கும் முன், வெறும் மணல் மீது நீலப்பச்சைப் பாசிகளும் பச்சைப் பாசிகளும் பிறகு மாஸ் எனும் பாசிச்செடிகளும் லைக்கன் எனும் கற்பாசிகளும் குடியேறி மணல்துகள்களைப் பிணைத்து ஒரு மெல்லிய ஏடு போர்த்துகின்றன. தடிமன் சில மில்லிமீட்டர்தான். காற்று மணலை அள்ளிப் போகாமல் அது பிடித்துவைக்கிறது. நீலப்பச்சைப் பாசிகளில் பல காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவருகின்றன. அடுத்து வரும் செடிக்கு இடம் தயாராவது இப்படித்தான். லவுசிட்ஸின் வெல்ட்ஸோ சுரங்கத்தில் 2005இல் சுமார் 6 ஹெக்டேர் பரப்பில் ஒரு செயற்கை நீர்ப்பிடிப்பு நிலத்தை அமைத்து, ஒரு நிலம் தொடக்கத்திலிருந்து எப்படி உருவாகிறது என்று கண்காணித்துவருகிறார்கள். அந்த மணலின் மேலும் முதலில் வந்து சேர்ந்த உயிர்களில் இந்தப் பொறுக்கும் உண்டு. மணல் மண்ணில் இது காய்ந்திருக்கும்போதுதான் எளிதில் நொறுங்கும். அதாவது, சைக்கிள் ஓட்டத் தோதான வறண்ட நாளே இதற்குக் கெட்ட நாள். ஒரு சக்கரம் போனால் ஒரு கோடு. பத்துப் பேர் அந்தக் கோட்டைப் பார்த்துப் பாதை என்று நம்பித் தொடர்ந்தால், காற்று நுழைய வாசல் திறந்துவிடும். திரும்ப மூடப் பல ஆண்டுகள் ஆகும்.

இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் உண்டு. அதை நேர்மையாக முன்வைக்க வேண்டும். வெட்டவெளியை அப்படியே விட்டால் புதரும் பிர்ச் மரமும் பைனும் மூடிவிடும். நான் பட்டியலிட்ட உயிர்கள் அதோடு போய்விடும். அதனால்தான் பல காப்பகங்களில் ஆடு, குதிரை மேய விடுகிறார்கள். சில இடங்களில் இயந்திரத்தால் மண்ணைச் சுரண்டியும் எடுக்கிறார்கள். அப்படியானால் சக்கரமும் உதவிதானே என்று கேட்பீர்கள். கிளறுதல் தேவை என்பது உறுதியான செய்தி. ஆனால் அதை எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு பரப்பில் என்று தேர்ந்துதான் செய்கிறார்கள். பெரும்பாலும் கூடு வைக்கும் காலம் முடிந்த பிறகு, ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு துண்டாக. சைக்கிள்கள் வருவதோ வசந்தத்திலும் கோடையிலும், எப்போதும் ஒரே தடத்தில். இருக்கும் பாதைகளின் வெயில்படும் ஓரங்கள் மண்ணில் வளை தோண்டும் தேனீக்களுக்குப் பயன்படுகின்றன என்பதை நானே பார்த்திருக்கிறேன். பாதையில் மிதமான போக்குவரத்து இருப்பது அவற்றுக்கு நன்மையாகவும் இருக்கலாம். எந்த அளவைத் தாண்டினால் அது கேடாகும் என்பதற்கு எல்லா நிலத்துக்கும் பொருந்தும் எண் கிடையாது.

"நடப்பவர்களை விடுகிறார்கள், எங்களை மட்டும் தடுக்கிறார்கள்" என்ற குறையும் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. 2001இல் வெளியான ஒரு கனடா ஆய்வில் காட்டுத் தரையில் 500 முறை வரை நடந்தும், மலை சைக்கிள் ஓட்டியும் ஒப்பிட்டார்கள். செடிக்கும் மண்ணுக்கும் ஏற்பட்ட பாதிப்பில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டில் செடிகள் பெரும்பாலும் மீண்டன. சைக்கிள் தனியாகக் கொடியது என்று சொல்பவர்களுக்கு இது நல்ல பதில். ஆனால் அது மட்கு நிறைந்த காட்டு மண். பொறுக்கு போர்த்திய சுரங்க மணலும் அதே வேகத்தில் மீளும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. விலங்குகளைப் பற்றி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆன்டிலோப் தீவில் நடந்து 2003இல் வெளியான ஆய்வும் உண்டு. அங்கேயும் நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் விலங்குகள் காட்டிய எதிர்வினை ஏறத்தாழ ஒன்றே. பாதையில் போனவரிடமிருந்து 100 மீட்டருக்குள் இருந்த விலங்குகள் மிரண்டு விலகும் வாய்ப்பு 70 சதவீதம். பாதையை விட்டு வந்தவரைக் கண்டால் ஒரு வகை மான் மிரளும் வாய்ப்பு 96 சதவீதமாக ஏறியது. வேறுபாட்டை உண்டாக்கியது வாகனம் அல்ல, பாதைக்கு உள்ளேயா வெளியேயா என்பதுதான். விலங்கு ஒரு பாதைக்குப் பழகிக்கொள்கிறது. எங்கிருந்து வருவார் என்று தெரியாத ஆளுக்கு அது பழக முடியாது.

எனவே பாதையைத் திட்டமிடும்போது திறன்பேசிச் செயலிகளை மட்டும் நம்ப வேண்டாம். ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் வெப்ப வரைபடத்தில் (பலர் போன வழிகளை ஒளியாகக் காட்டும் படம்) ஒரு கோடு ஒளிர்ந்தால், யாரோ அங்கே போயிருக்கிறார்கள் என்று மட்டும்தான் பொருள். போகலாம் என்றோ, நிலம் தாங்கும் என்றோ பொருள் இல்லை. வேலை நடந்த காலத்து வண்டித்தடங்கள் வரைபடத்தில் இன்னும் பாதையாகவே கிடக்கும். செயற்கைக்கோள் படம் எடுத்த பிறகு ஏரியின் நீர் ஏறி அந்தத் தடம் மூழ்கியிருக்கலாம். இத்தகைய நிலங்களில் வரைபடம் சீக்கிரம் பழசாகிவிடுகிறது. காப்பகத்தை நடத்துபவர்கள் வெளியிட்ட அண்மைய வரைபடமும், வாசலில் இருக்கும் பலகையும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் பலகை சொல்வதையே கேளுங்கள். நல்ல பாதை வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை. பெல்ஜியத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கமும் மணற்பள்ளங்களும் அடங்கிய ஹோகெ கெம்பன் தேசியப் பூங்கா 2006இல் திறந்தது. புதர்வெளியின் மேலாக மரப்பாலத்தில் சைக்கிள் போக 2021இல் அங்கே வழி அமைத்தார்கள். ஓட்டுபவரும் காப்பகமும் எதிரிகளாக இருக்கத் தேவையில்லை.

டயருக்கு வருவோம். சுரங்க நிலத்துப் பாதைகள் ஒரே ஓட்டத்தில் மூன்று விதமாக மாறும்: இறுகிய சரளை, கூரான உடைகல், தளர்ந்த மணல். 40 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயர் மணலில் புதையும். உங்கள் சட்டகம் இடம் கொடுத்தால் 45 முதல் 50 வரை போடுங்கள். நிலக்கரிக் கழிவின் மென்பாறைத் துண்டுகள் தட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். அவை நடுவைவிட டயரின் பக்கச்சுவரைத்தான் கிழிக்கும். எனவே பக்கச்சுவர் வலுவான டியூப்லெஸ் டயரும், கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு தடித்த துணியும், மாற்று டியூபும் அவசியம். 75 கிலோ எடையுள்ளவர் 45 மில்லிமீட்டர் டயரில் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவில் தொடங்கலாம். நீண்ட மணல் பகுதி வந்தால் மூன்று நான்கு குறையுங்கள். டயரிலும் ரிம்மிலும் அச்சிட்ட எல்லைகளை மீற வேண்டாம். மணலுக்குள் நுழையுமுன்பே இலகுவான கியருக்கு மாறி, எடையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, கைப்பிடியை இறுக்காமல் சீராக மிதியுங்கள். முன்சக்கரம் புதைந்து திரும்பினால் அதோடு மல்லுக்கட்டாமல் இறங்கிவிடுங்கள். இறங்கித் தள்ளும்போதும் பாதைக்குள்ளேயே தள்ளுங்கள். மணலைத் தவிர்க்க எல்லோரும் ஓரத்துப் பொறுக்கின் மீது ஏறுவதால்தான் இரண்டு மீட்டர் பாதை பத்து மீட்டராக விரிகிறது.

தண்ணீர் போதுமான அளவு எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள ஓடையையும் ஏரியையும் நம்பாதீர்கள். கொட்டிய மண்ணிலிருக்கும் பைரைட் என்ற இரும்புச் சல்பைடு, காற்றும் நீரும் பட்டதும் கந்தக அமிலமாகவும் கரைந்த இரும்பாகவும் மாறுகிறது. சில சுரங்க ஏரிகளில் அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 3 அளவுக்கு இறங்கியிருக்கும் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்). செங்காவி நிறத்தில் வண்டல் படிந்த ஓடை அந்த இரும்பின் அடையாளம். கண்ணாடி போலத் தெளிந்த நீலநீரும் அமிலமாக இருக்கலாம். வடிகட்டியில் ஊற்றினாலும் அமிலம் போகாது. சிராய்ப்பைக் கழுவவும் குடிநீரையே பயன்படுத்துங்கள். ஓட்டம் முடிந்ததும் சங்கிலியையும் டயரையும் நல்ல நீரில் கழுவி நன்கு உலரவிடுங்கள். அமிலச் சேறு உலோகத்தை அரிக்கும் என்பது ஒரு காரணம். ஈரச்சேற்றோடு அயல் விதைகளும், தவளை தேரைகளைக் கொல்லும் பூஞ்சையும் அடுத்த காப்பகத்துக்குப் போய்ச் சேரும் என்பது இன்னொன்று. ஒரே நாளில் இரண்டு இடங்களுக்குப் போவதாக இருந்தால் நடுவிலேயே கழுவி உலர்த்திவிட்டுப் போங்கள். தனியாகப் போகும் நாளில், எந்தப் பாதையில் போய் எப்போது திரும்புவீர்கள் என்பதையும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.